கழியின் வழி: புத்தளக் கரையோரத்தில் நீர்நிலை மீட்பின் வரலாறு

கழி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. கடல் ஏறும்போது உவர்ந்தும், மழைநீர் இறங்கும்போது நன்னீர் கலந்து தணிந்தும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையே ஊடாடி நிற்கும் நீரோடையை அச்சொல் குறித்தது. நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கழியையும், அதன் கரையில் வேரூன்றிய கண்டலையும், தாழையையும், புன்னையையும் ஒரே காட்சியின் உறுப்புகளாகவே கண்டனர். இன்று இலங்கைத் தமிழர் களப்பு என்றும் கடனீரேரி என்றும் வழங்கும் பெருநீர்ப்பரப்புகளும், அவற்றினின்று கிளைபிரிந்து ஊர்மனைகளின் கொல்லைப்புறம் வரை ஏறிவரும் சிற்றோடைகளும் அந்தப் பழைய கழியின் வழிவந்தவையே. சிலாபத்தில் தெதுறு ஓயா கடலிற் கலக்கும் இடந்தொடங்கி, வடக்கே கலா ஓயாவின் கழிமுகம் வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையில் இக்கழிகள் எவ்வாறு ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, பின்னர் எவ்வாறு அடைபட்டன, அவற்றை மீட்கக் கரைவாழ் மக்கள் முனைந்தபோது எதைக் கற்றுக்கொண்டனர் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும் ஒருவருக்கு ஓர் உண்மை மெல்ல மெல்லத் தெளிவாகும்: இக்கரையில் மரம் நடுவது எளிதாயிருந்தது; நீருக்கு அதன் வழியைத் திருப்பிக் கொடுப்பது அரிதாயிருந்தது.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். புத்தளம் களப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மேற்கே கற்பிட்டித் தீபகற்பம் நீண்டதொரு மணற்கரையாய்க் கடலை மறித்து நிற்க, கிழக்கே மீ ஓயாவும் வடகிழக்கே கலா ஓயாவும் உள்நாட்டுக் குளங்களின் மிகைநீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தெற்கே முந்தல் களப்பும், அதற்குந் தெற்கே சிலாபம் களப்பும் உள்ளன. மழை குறைந்த பிரதேசமாதலால், வறண்ட மாதங்களில் நீர் ஆவியாகிக் குறைந்து, களப்பின் தென்கோடியில் உவர்ப்பு கடலின் உவர்ப்பையும் விஞ்சுவதுண்டு. புத்தளத்து உப்பளங்கள் நெடுங்காலமாய் நிலைத்திருப்பதற்கும் இவ்வியற்கையே ஆதாரம். இவற்றோடு இன்னொன்றையும் வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். இலங்கைக் கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையேயுள்ள உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆகவே ஒரு சாண் உயரத்து வரப்பொன்று பல ஏக்கர் நிலத்துக்குக் கடல்நீர் வருவதைத் தடுத்துவிடக் கூடும். பின்னால் நாம் காணப்போகும் வெற்றிகளும் தோல்விகளும் பெரும்பாலும் இந்தச் சாணளவிலேயே நிர்ணயிக்கப்பட்டன.

1344ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா, தாம் பத்தாலா என்று குறித்த ஊரில் யாழ்ப்பாண மன்னராகிய ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும், ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய கறுவாத் தடிகள் கரையெங்கும் கிடந்ததையும் எழுதிவைத்துள்ளார். பத்தாலா புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. கறுவாத் தடியைப் பற்றிய அச்செய்தியை வாணிபச் சரித்திரம் எழுதுவோர் பலமுறை எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆயினும் அது ஆறுகளைப் பற்றிய செய்தியுமாகும். உள்நாட்டுக் காட்டில் விழுந்த மரம் தடையின்றிக் கரைவரை மிதந்து வரக்கூடிய நீர்வழிகள் அந்நாளில் இருந்தன என்பதற்கு அதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை.

அவ்வாறு இயல்பாய்க் கிடந்த நீர்வழிகளை ஒரு நிர்வாகத் திட்டத்துக்கு உட்படுத்தியவர்கள் ஒல்லாந்தர். கற்பிட்டியில் 1676ஆம் ஆண்டளவில் கோட்டையைக் கட்டிமுடித்த அவர்கள், களப்பு வாயிலைக் காவல்செய்ததோடு அமையாது, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரை, இயற்கைக் களப்புகளை வெட்டுவாய்க்கால்களால் தொடுத்து, உள்நாட்டுப் படகுப் பாதையொன்றை உருவாக்கினர். கறுவாவும் கொப்பரையும் உப்பும் தட்டையான சரக்குப் படகுகளில் கடற்கொந்தளிப்புக்கு அஞ்சாது அதன்வழியே சென்றன. ஆங்கிலேயர் காலத்தில், 1802க்கும் 1804க்கும் இடையில், களனிக்கும் நீர்கொழும்புக்கும் இடையே ஹமில்ற்றன் கால்வாய் வெட்டப்பட்டமை அதே நோக்கத்தின் தொடர்ச்சியாகும். கற்பிட்டியில் 1807இல் பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, தம் பிறந்தகத்துக் கரையை இவ்வாய்க்கால் உயிரோடிருந்த காலத்திலேயே கண்டவர். 1926இல் புகையிரதம் புத்தளத்தை எட்டியபின் சரக்குப் படகுகளுக்கு வேலை குறைந்தது. அதிகாரிகளின் கவனம் வாய்க்காலை விட்டு நீங்கியது. வாய்க்கால் மட்டும் அங்கேயே கிடந்தது.

இவ்விடத்தில் ஒரு கருத்தைச் சற்றே அழுத்திக் கூற விரும்புகிறேன். ஒல்லாந்தர் வாய்க்கால் வெட்டப்படுமுன் முந்தலும் சிலாபமும் புத்தளமும் தனித்தனி நீர்நிலைகள். ஒன்றின் உவர்ப்பும் மீன்வளமும் மற்றொன்றின் உவர்ப்பினின்றும் மீன்வளத்தினின்றும் வேறுபட்டிருந்தன. வாய்க்கால் அவற்றை ஒரே நூலிற் கோத்தது. கோத்த கை வணிகனுடையது. அந்த நூல் வழியே சரக்கு மட்டுமன்றி நோயும் செல்லக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்க அவனுக்குக் காரணம் இருக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கழித்து அந்த விளைவைக் கரைவாழ் மக்கள் தம் கண்களாற் கண்டனர்.

அதற்கு முன்னர், கண்டற்காட்டோடு அம்மக்களுக்கிருந்த உறவைச் சொல்ல வேண்டும். பஞ்சுநூலால் வலை முடைந்த காலத்தில், கண்டற்பட்டையை இடித்து, அண்டாவிற் கொதிக்கவைத்து, அந்தச் செந்நிறச் சாயநீரில் வலையை ஊறப்போட்டு உலர்த்தினால்தான் அது உவர்நீரில் உழுத்துப்போகாது நின்றது. பட்டை சாயத்துக்கும், காய்ந்த கொம்பு விறகுக்கும், நேரான தடி குடிசைக்கும், மரத்தடி நீர் இறாலுக்கும் நண்டுக்குமாக, ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவில் பாதியைக் கண்டல் தாங்கியது என்றே சொல்லலாம். பட்டையுரிப்பினால் மரத்துக்குச் சேதம் நேர்ந்ததும் உண்மையே. ஆனால் அடுத்த ஆண்டும் பட்டை வேண்டும் என்ற தேவை, மரத்தை அடியோடு அழிக்கவிடாமற் காத்தது என்பது எனது கருத்து. 1960களில் நைலோன் வலை பரவியபோது அந்தத் தேவை மறைந்தது. காட்டைக் காத்துவந்த கட்டுகளில் ஒன்று, எவரும் அறியாமலே அவிழ்ந்தது.

உடப்பிலும் ஆண்டிமுனையிலும் இந்து சமயத் தமிழ் மீனவர்; கற்பிட்டியிலும் புத்தளத்திலும் முஸ்லிம்கள்; சிலாபத்தைச் சூழக் கத்தோலிக்க மீனவர்; உள்ளே குளங்களை அண்டிச் சிங்கள விவசாயிகள் என இக்கரை பல சமூகங்களின் இருப்பிடம். 1990 அக்டோபரில் வட மாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். நிலம் சிலருக்கு உரிமையாயிருக்கலாம். கழி எல்லோருக்கும் பொதுவாயிருந்தது. நிலமற்றவன் இரவில் ஒரு வீச்சுவலையோடு இறங்கி, விடியுமுன் வீட்டுக்குக் கறிக்கு ஏதேனும் கொண்டுவரலாம் என்ற உறுதி அப்பொதுவுடைமையில் இருந்தது. கழி அடைபட்டபோது முதலிற் பாதிக்கப்பட்டவர் யார் என்பதை உணர இவ்வுண்மையை மறவாதிருத்தல் வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் முளைவிட்ட இறால் வளர்ப்பு, யுத்தச் சூழ்நிலையினால் அங்கு நிலைகொள்ள இயலாது போகவே, வடமேற்குக் கரைக்கு நகர்ந்தது. புலி இறாலுக்கு அந்நிய நாட்டுச் சந்தையிற் கிடைத்த விலை, சில ஆண்டுகளிலேயே பெருமுதலாளிகளையும் சிறு உடைமையாளர்களையும் ஒருங்கே இத்தொழிலுக்கு இழுத்தது. களப்பின் ஓரத்துக் கண்டலை வெட்டி, சேற்றை அள்ளி நாற்புறமும் வரம்பு கட்டி, ஒரு மதகை வைத்தால் பண்ணை ஆயிற்று. 1992க்கும் 2012க்கும் இடையே புத்தளம் களப்பைச் சூழ்ந்த நிலப்பயன்பாட்டை அளந்த ஆய்வொன்று, கண்டற்பரப்பு நூற்றுக்கு 34 வீதம் குறைந்ததையும், இறால் பண்ணைகளின் பரப்பு நூற்றுக்கு 2,777 வீதம் பெருகியதையும், உப்பளங்கள் நூற்றுக்கு 60 வீதம் விரிந்ததையும் காட்டியது.

ஆயினும் அழிவின் கணக்கை மரத்தைக் கொண்டு மட்டும் எழுதினால் அக்கணக்கு முழுமை பெறாது. பண்ணை ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய நீரை ஒல்லாந்தர் வாய்க்காலிலிருந்தோ அதனோடு தொடர்புற்ற களப்பிலிருந்தோ இறைத்தது. தீனி மிச்சமும் மலமும் மருந்தும் கலந்த கழிவுநீரையும் அங்கேயே திறந்துவிட்டது. ஒருவன் வெளியேற்றிய நீரை அடுத்தவன் உள்ளே இறைத்தான். அவன் வெளியேற்றியதை அதற்கடுத்தவன். வணிகன் கோத்த நூல் இப்போது நோயைச் சுமந்தது. 1980களின் இறுதியில் ஒரு வைரசு நோய் எச்சரிக்கை தந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, பண்ணை பண்ணையாக இறால் மடிந்து மிதந்தது. கடன்பட்டுத் தொழில் தொடங்கிய சிறு உடைமையாளர் பலர் வரம்புகளை அப்படியே விட்டு விலகினர். இவ்வாறாக, காடும் இன்றி, பண்ணையும் இன்றி, வரம்புகள் மட்டும் எஞ்சிய நிலம் தோன்றியது.

அத்தகைய கைவிடப்பட்ட குளமொன்றின் அருகே நின்று பார்த்தால் அதன் நிலை விளங்கும். தரை வெடித்து, ஓரங்கள் ஓடுபோற் சுருண்டிருக்கும். வெடிப்புகளின் உள்ளே துருவைப்போல் மஞ்சளும் செம்மையும் கலந்த படலம் படிந்திருக்கும். கண்டற்சேற்றில் நீருக்கடியில் உறங்கிக்கிடந்த கந்தகச் சேர்மங்கள் காற்றுப்பட்டு அமிலமாக மாறியதன் அடையாளம் அது. வரம்புக்கு அப்பால் இரண்டு பாகத் தூரத்தில் கடல்நீர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இப்பால் ஒரு சொட்டும் வராது. ஒரு நண்டுவளையும் அங்கே காணப்படாது.

இத்துயரத்துக்கு எதிராக எழுந்த மக்கள் முயற்சிகளுள் முதன்மையானது, சிலாபத்தை அடுத்த பம்பலவைத் தளமாகக் கொண்ட சுதீச என்னும் இலங்கைச் சிறு மீனவர் சம்மேளனத்தினுடையது. அநுராத விக்கிரமசிங்கவின் தலைமையில் 1990களில் உருவாகிய இவ்வமைப்பு, கண்டலைத் தாவரசாஸ்திரிகளின் பொருளாக அன்றி, மீனவனின் முதலீடாகக் கருதியது. காடு அழிந்தால் மீன்குஞ்சு வளர இடமில்லை, மீன்குஞ்சு இல்லையேல் வலைக்கு வேலையில்லை என்னும் நேரடியான தருக்கத்தையே அது ஊர்தோறும் எடுத்துச் சென்றது. பெண்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, குறைந்த வட்டியிற் கடனும் தொழிற்பயிற்சியும் அளித்து, அதற்கு ஈடாகத் தத்தம் ஊர்க் கண்டலை வெட்டாமலும் வெட்டவிடாமலும் காக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தது. விறகுக்காகக் காட்டுக்குள் நுழைந்தவர்களும், இறால் விலை வீழ்ந்தபோது அடுப்பெரிய வழிதேடியவர்களும் பெண்களே ஆதலின், காவலையும் கடனையும் ஒரே கையிற் கொடுத்த இவ்வேற்பாடு மிகுந்த விவேகமுடையது என்பதில் ஐயமில்லை.

2015 மே மாதத்தில் இம்முயற்சி தேசிய வடிவம் பெற்றது. கலிபோர்னியாவிலிருந்து இயங்கும் சீகாலஜி என்னும் ஸ்தாபனமும் சுதீசவும் அரசாங்கமும் இணைந்து, நாட்டிலுள்ள 8,815 ஹெக்டேயர் கண்டல் முழுவதையும் பாதுகாப்பதென்றும், மேலும் 3,880 ஹெக்டேயரில் மீளநடுவதென்றும் அறிவித்தன. 1,500 ஊர்ச்சமூகங்களில் 15,000 பெண்களுக்குக் கடனும் பயிற்சியும் வழங்குவது, ஒவ்வோர் ஊரும் சராசரி 21 ஏக்கர் காட்டைக் காப்பது என்பன அதன் கணக்கு. தன் கண்டற்காடுகள் அனைத்தையும் சட்டத்தின் காப்பிற்குள் கொண்டுவரும் முதல் நாடு இலங்கை என்ற பெயர் அப்போது உலகெங்கும் பரவியது. 2016 ஜூலை 26இல் பம்பலவில் கண்டற்காடுகளுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலையும் திறந்துவைக்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாய் வந்து, மரத்திலேயே முளைத்துத் தொங்கும் கண்டல் முளையைத் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பை அது உண்டாக்கியது.

அந்த முளையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஏனைய மரங்கள் வித்தை உதிர்த்துவிட்டு மண்ணின் தயவுக்கு விட்டுவிட, கண்டல் தன் வித்தைக் கிளையிலேயே முளைக்கவைத்து, முருங்கைக்காய்போல் பச்சையாய் நீண்டு தொங்கும்வரை பாலூட்டும் தாயைப்போல் தாங்கி நிற்கிறது. பக்குவமடைந்து விழும் முளை, நீர் வற்றிய வேளையாயின் சேற்றிற் குத்திட்டு நிற்கும். நீர் ஏறிய வேளையாயின் மிதந்துபோய், தனக்கு ஏற்ற தரை தட்டும் இடத்தில் வேர்விடும். தனக்குரிய இடத்தை அது நீரின் துணைகொண்டு தானே தெரிந்துகொள்கிறது. மனிதக் கை அவ்விடத்தைத் தெரிந்தெடுக்க முனைந்தபோதுதான் பிழைகள் நேர்ந்தன.

2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர், கண்டல் அலையைத் தடுக்கும் என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவி, அரசு அலுவலகங்களும் தொண்டு ஸ்தாபனங்களும் தனியார் கம்பனிகளும் போட்டியிட்டுக் கன்று நட்டன. நல்லெண்ணத்திற் குறைவில்லை. எனினும் இந்நடுகைகளின் பயனை ஆராய்ந்து, கொடிகார, ஜயதிஸ்ஸ முதலிய இலங்கை விஞ்ஞானிகளும் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளரும் 2017இல் வெளியிட்ட முடிவுகள் வருத்தந்தருவன. அவர்கள் பார்த்த 23 இடங்களில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடுகை நடந்திருந்தது. தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் உயிரோடில்லை. பாதிக்குமேற் கன்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே.

காரணங்களை ஊன்றி நோக்கினால், அவை யாவும் நீரின் வழியை மறந்ததன் கிளைகளாகவே தோன்றுகின்றன. எளிதிற் கிடைப்பதும், நீளமாயிருப்பதால் நடுவதற்கு இலகுவானதுமான ஒரே இனத்தின் முளையை, நிலத்தின் உயரத்தை அளவிடாமல், அகப்பட்ட சேற்றிலெல்லாம் ஊன்றினர். தாழ்ந்த இடத்தில் நாட்கணக்காய் நீரில் மூழ்கிக் கன்று அழுகியது. உயர்ந்த இடத்தில் கடல் எட்டாமற் கருகியது. கடலேற்றம் ஒரு மீற்றரும் இல்லாத கரையில் இரண்டுக்கும் இடைப்பட்ட சரியான மட்டம் மிகக் குறுகியது. எஞ்சியதை மாடும் ஆடும் மிதித்தன. நட்டவர்கள் படமெடுத்துக்கொண்டு சென்றபின் திரும்பி வரவில்லை. கன்றுகளின் தொகையை அறிக்கையில் எழுதுவதையே பணியின் நிறைவாகக் கொண்ட இந்தப் பழக்கத்தை நான் கண்டிக்கிறேன். அது ஏழைப் பெண்களின் உழைப்பையும், அவர்களது நம்பிக்கையையும் ஒருங்கே வீணாக்கியது.

இதே பாடத்தைப் பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாடு சற்று முன்னதாகவே கற்றிருந்தது. பிச்சாவரத்தில், ஆங்கிலேயர் காலந்தொட்டுக் கண்டலைப் பகுதி பகுதியாக முற்றாய் வெட்டியதால் வெயில்பட்டுச் சேறு காய்ந்து தாழ்ந்து, தொட்டிபோற் குழிந்தது. அக்குழியில் தேங்கிய கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியாக, உப்பு ஏறி, எதுவும் முளைக்காத வெளியாயிற்று. மக்கள் மரம் வெட்டுவதும் மாடு மேய்ப்பதுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், தேங்கிய நீரே காரணம் என்பதைக் கண்டறிந்து, வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து, ஒரு பெருவாய்க்காலும் அதன் இருமருங்கும் சாய்வாய்ப் பிரியும் சிறுவாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டினர். கடல் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்புத் தணிந்தது. நட்டது பிழைத்தது, நடாததும் முளைத்தது. கழியைத் திறந்தால் கண்டல் வரும் என்பதற்குத் தமிழ்நிலத்திலேயே கிடைத்த இச்சான்றை, இலங்கையிற் சுனாமிக்குப் பிந்திய நடுகையாளர் கவனித்திருந்தால் எத்தனையோ பொருளும் உழைப்பும் மிஞ்சியிருக்கும்.

காலந்தாழ்த்தியேனும் அவ்வழி புத்தளக் கரைக்கு வந்தது. வந்த இடம் ஆனைவிழுந்தான். சிலாபத்துக்கு வடக்கே, பழைய குளத்தொடரொன்றும் கண்டற்காடும் கடற்கரையும் அடுத்தடுத்து அமைந்த இச்சரணாலயம் 1997இற் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2001இல், பன்னாட்டு முக்கியத்துவமுடைய ராம்சார் ஈரநிலங்களுள் இலங்கையின் இரண்டாவதாக ஏற்கப்பட்டது. சட்டத்தின் காப்பு இருந்தும் அதன் எல்லைக்குள்ளேயே இறால் குளங்கள் வெட்டப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தன. வனசீவராசிகள் திணைக்களமும், பேராசிரியை செவ்வந்தி ஜயக்கொடியின் வழிகாட்டலில் வயம்பப் பல்கலைக்கழகத்தினரும், தனியார் துறையின் பொருளுதவியோடு இங்கு மேற்கொண்ட மீட்பின் சிறப்பு, கன்றுக்கு முன் நீரைப் பற்றிச் சிந்தித்ததேயாகும். மண்ணின் உயரமும் உவர்ப்பும் அமிலத்தன்மையும் அளக்கப்பட்டன. அடைபட்ட குளங்களுக்குள் கடல்நீர் மீண்டும் போய்வர வழிசெய்யப்பட்டது. இயற்கையாய் முளைப்பதற்கு முதலிடமும் கையால் நடுவதற்கு இரண்டாமிடமும் தரப்பட்டன.

2020இல் கண்டற்காடுகளுக்கென ஒரு தேசியக் கொள்கையும் வகுக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை, உலகின் முன்மாதிரியான சூழல் மீட்பு முயற்சிகளுள் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீட்பை அங்கீகரித்தது. அதுவரை மீட்கப்பட்டது 500 ஹெக்டேயர். 2030க்குள் எட்ட வேண்டியது 10,000 ஹெக்டேயர். புகழுக்கும் பணிக்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்விரண்டு எண்களே உணர்த்தும்.

மக்கள் முயற்சி என்னும்போது இறால் வளர்ப்போரைப் பகைவராக ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. வெண்புள்ளி நோயின் பின் தொழிலில் எஞ்சியவர்கள் பெரும்பாலும் சிறு உடைமையாளர்களே. நீர் பொதுவானது என்ற உண்மையை நோய் அவர்களுக்கு மிகக் கடுமையாகக் கற்பித்தது. 1998இன் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபையோடு சேர்ந்து, ஊர்தோறும் சங்கமமைத்து, எந்தப் பகுதியினர் எந்தப் பருவத்திற் குளத்தை நிரப்புவது, எப்போது நீரைத் திறந்துவிடுவது என்று பயிர்நாட்காட்டி வகுத்து நடக்க அவர்கள் இணங்கினர். வயலுக்கு நீர்முறை வகுத்த பழைய குளத்துச் சபைகளின் மரபு உவர்நீருக்கு இறங்கி வந்ததென்றே இதனைக் கொள்ளலாம். கண்டலைக் காக்கும் பெண்கள் சங்கமும் இறாலை வளர்க்கும் உடைமையாளர் சங்கமும் ஒரே வாய்க்காலின் இரு கரையில் இருப்பவை. அவை ஒரே பந்தியில் அமர்ந்து பேசும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பது எனது துணிபு.

நகரங்களைப் பற்றிய கணக்கு இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது. புத்தளம் நகரமும் சிலாபம் நகரமும் களப்பின் ஓரத்திலேயே வளர்ந்தவை. அங்காடித் தெருக்களின் வடிகான்கள் களப்பை நோக்கியே சரிகின்றன. மழைக்காலத்து முதல் நீரில் பொலித்தீன் பைகளும் மீன்சந்தைக் கழிவும் அதே வழியில் இறங்குகின்றன. கொழும்பு தன் ஈரநிலங்களுக்காக 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற சிறப்பைப் பெற்றது; சென்னையில் அடையாற்றுக் கழியின் ஒரு பகுதியான 58 ஏக்கர் நிலம் குப்பைமேட்டு நிலையினின்று மீட்கப்பட்டு 2011இற் பூங்காவாய்த் திறக்கப்பட்டது. பெருநகரங்களுக்கு இயன்றது புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இயலாததன்று. வடிகான் வாயில் ஒரு கம்பிவலை போடுவதும், நகர எல்லைக்குள் எஞ்சியுள்ள ஓடைகளை மண்போட்டு நிரப்ப அனுமதி மறுப்பதும் நகரசபைகளால் ஆகக்கூடிய காரியங்களே.

கழியைத் திறக்க வேண்டுமாயின், அது முன்னர் எங்கே ஓடியது என்று தெரிந்திருத்தல் வேண்டும். ஆகாயத்திலிருந்து எடுத்த பழைய நிழற்படங்கள் பெரிய ஓடைகளைக் காட்டும். ஊர்க்கொல்லையில் ஓடிய சிறு கழியைக் காட்டமாட்டா. வரம்புகள் எழுமுன் நீர் எந்தப் பக்கம் ஏறியது, எந்த மாதத்தில் எவ்விடத்தில் இறால் திரண்டது, எந்த ஓடைக்கு என்ன பெயர் என்பவற்றை அறிந்தவர்கள், இறால் பண்ணைகள் வருமுன் வலைபிடித்த முதியவர்கள். அவர்களுள் இளையவருக்கும் இப்போது அறுபது வயது தாண்டியிருக்கும். உடப்பிலும் கற்பிட்டியிலும் முந்தலிலும் கற்பிக்கும் தமிழாசிரியர்கள், தங்கள் மாணவர்களை ஒரு கொப்பியோடும் பென்சிலோடும் அம்முதியவர்களிடம் அனுப்பி, ஓடைகளின் பெயரையும் போக்கையும் ஊர்வாரியாக எழுதி வரைந்து தொகுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்தொகுப்பின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும், மற்றொன்றை வயம்பப் பல்கலைக்கழகத்திலும் சேர்ப்பித்தல் நலம்.